மாமாவின் காணி

எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நான் பிறப்பதற்கு முன்பிருந்தே நடந்துகொண்டிருந்தது. அப்பா பெரிய ஆளா, மாமா பெரிய ஆளா என்பதுதான் அது. அம்மா எப்போதும் தன் தம்பியின் பக்கம். அப்பா தனக்காக ஒரு நாளும் வாதாடியதில்லை. "ஓமோம், உம்மட தம்பிதான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார். ஆகவே தீர்ப்புச் சொல்லும் பொறுப்பை நானாகவே எடுத்துக்கொண்டேன். எனக்கு அப்போது பத்து வயது. நீதிபதிக்கு வேண்டிய எல்லாத் தகுதியும் என்னிடம் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

சிரமம் என்னவென்றால், மாமாவை நான் நேரில் கண்டதே இல்லை. அவர் லண்டனில் இருந்தார். நாங்கள் மொன்றியலில், லாசாலில், மூன்றாம் மாடியில். அப்பாவுக்குச் சென்ட் லோரன்டில் மருந்துக் கம்பனி ஒன்றில் குளிசைப் பெட்டி அடுக்குகிற வேலை. கடையிலோ அரசாங்கக் கந்தோரிலோ யாராவது பிரெஞ்சில் ஏதும் கேட்டால் அப்பா திரும்பி என்னைப் பார்ப்பார். பதில் சொல்வது என் வேலை. இதையெல்லாம் நீதிபதி மனதில் குறித்துவைத்திருந்தாள்.

இன்னும் ஒரு குறிப்பும் இருந்தது. ஊரில் சண்டை ஓய்ந்து பேச்சுவார்த்தை நடந்த காலம் அது. அந்த அமைதியில்தான் அப்பா தனியாக யாழ்ப்பாணம் போய், சொன்ன நாளுக்கு ஒரு கிழமை முன்னதாகவே திரும்பி வந்தார். அவர் கொண்டுவந்த படச்சுருளில் கோயில், சொந்தக்காரர், பனங்கிழங்கு எல்லாம் இருந்தன. ஒரு படத்தில் மட்டும் முள்ளுக்கம்பி வேலி. அதற்குப் பின்னால், தள்ளி, கூரையில்லாத ஒரு சுவரும் மாமரத் தலைகளும் தெரிந்தன. ஆட்கள் ஒருவரும் இல்லை. இவ்வளவு தூரம் போய் ஒரு வேலியைப் படமெடுத்துக்கொண்டு வருகிற மனிதரை என்னவென்று சொல்வது?

அடுத்த கோடையில் மூன்று பேருமாக லண்டன் போனோம். மாமா விமான நிலையத்துக்கு வெள்ளை வான் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தார். சிரித்தால் முழு உடம்பும் குலுங்கும். என்னைக் கண்டதும் "வாங்கோ மருமகள், கனடாவில ஐஸ் எல்லாம் கரைஞ்சு போச்சோ?" என்றார். முதல் பார்வையிலேயே வழக்கு அவர் பக்கம் சாயத் தொடங்கிவிட்டது.

லண்டன் எனக்குப் பிடிக்கவில்லை என்று மூன்றாம் நாள் நான் சொன்னேன். மாமா கொஞ்சமும் கோபப்படவில்லை. "உது லண்டன். இங்கிலாந்து வேற. நாளைக்குக் காட்டுறன்" என்றார்.

அந்த நாளை நான் மறக்கவே மாட்டேன். அம்மா விடியவே எழும்பி மீன் ரோல்ஸ் பொரித்து, பிளாஸ்க்கில் தேத்தண்ணி ஊற்றினார். வானுக்குள் பின்பக்கத்தில் மாமாவின் பெயின்ற் ரின்கள் கடகடவென்று ஆட, பெரிய வீதியில் ஒன்றரை மணித்தியாலம் ஓடினோம். நடுவில் வழி தவறி ஒரு பெற்றோல் நிலையத்தில் நிறுத்தியபோது, அப்பா இறங்கிப் போய் ஆங்கிலத்தில் வழி கேட்டார். வசனம் வசனமாக, தடங்கலில்லாமல், சிரித்துச் சிரித்துக் கேட்டார். நான் வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன். மொன்றியலில் ஒரு பால் போத்தல் வாங்க என்னைக் கூப்பிடுகிறவர் இவர்தானா? அப்பாவுக்கு ஒரு புள்ளி கொடுத்தேன்.

பெரிய வீதியை விட்டு இறங்கியதும் வேறு உலகம். எனக்குத் தெரிந்த வீதிகள் அடிமட்டம் வைத்துக் கீறியவை. இங்கேயோ பாதை நினைத்த பக்கமெல்லாம் வளைந்தது. முன்னொரு காலத்தில் மாடு நடந்த வழியிலேயே தாரை ஊற்றிவிட்டார்கள் போலும். இரண்டு பக்கமும் மாமாவின் வாகனத்தைவிட உயரமான பச்சை வேலி. திடீரென்று அதில் ஒரு இடைவெளி வரும். அதற்குள்ளால் ஒரு மலைச்சரிவு, செம்மறிகள், ஒரு கோபுரம் எல்லாம் ஒரு கணம் தெரியும். பிறகு மறுபடியும் வேலி. அடுத்த இடைவெளியில் என்ன வரும் என்று கழுத்து நோகப் பார்த்துக்கொண்டே போனேன். எதிரே வாகனம் வந்தால் இரண்டில் ஒன்று பின்னுக்குப் போய் ஒதுங்கும். மற்றச் சாரதி ஸ்ரேறிங்கிலிருந்து ஒரே ஒரு விரலைத் தூக்குவார். மாமாவும் தூக்கினார். எல்லோருக்கும் மாமாவைத் தெரிந்திருக்கிறது என்று நான் முடிவு கட்டினேன்.

ஒரு கிராமத்தில் வைக்கோலால் வேய்ந்த வீடுகளைக் கண்டு அம்மா கத்தியே விட்டார். "இஞ்சேருங்கோ, வெள்ளைக்காரன் இன்னும் வைக்கோலாலயே வீடு மேயிறான்!" அப்பா கண்ணாடியில் நெற்றி முட்டப் பார்த்தார். "எங்கடையளைவிட வடிவா மேய்ஞ்சிருக்கிறான்" என்றார்.

மத்தியானம் ஒரு வயலோரத்தில் நிறுத்தினோம். வேலியில் ஓரிடத்தில், ஏறிக் கடப்பதற்கு மரத்தால் இரண்டு படி செய்து வைத்திருந்தார்கள். அதற்கு அப்பால் ஒரே பச்சை, மேடு ஏறி வானம் வரைக்கும். நான் வழமைபோலக் கேள்வியைத் தொடங்கினேன்.

"இது ஆரின்ரை காணி, மாமா?"

மாமாவின் வாயில் பாதி ரோல்ஸ். "இதோ? இது என்ரை."

அப்பா சிரித்தார். நான் நம்பவில்லை. நான் என்ன சின்னப்பிள்ளையா? ஆனால் மாமா கையைத் துடைத்துக்கொண்டு படியில் ஏறி மறுபக்கம் குதித்து, வயலின் நட்டநடுவே விறுவிறுவென்று நடக்கத் தொடங்கினார். முந்தின வருடம் கர்க்லாண்டில் அப்பாவின் சிநேகிதர் வீட்டில் விளையாடும்போது பந்து பக்கத்து வீட்டுப் புல்லில் விழ, நான் ஓடிப் போய் எடுத்தேன். அதற்கு அப்பா போட்ட சத்தம்! பிறத்தியாரின் காணிக்குள் கேளாமல் கால் வைக்கக்கூடாது என்று அன்றைக்குப் படித்திருந்தேன். தன்னுடையதாக இல்லாவிட்டால் ஒருவர் இப்படிக் கைவீசி நடப்பாரா?

நானும் அம்மாவும் பின்னால் ஏறிப் போனோம். செம்மறிகளின் முதுகில் நீலப் பெயின்ற் அடித்திருந்தது. கேட்டேன். "மாறிப் போகாமல் இருக்க நான்தான் அடிச்சுவிட்டனான்" என்றார் மாமா. வானில் மூடி திறந்த நீல ரின் ஒன்று இருந்ததை நான் காலையிலேயே கண்டிருந்தேன். பிறகு நாயோடு ஒரு கிழவர் வந்தார். எங்களை விரட்டுவார் என்று பயந்து அம்மாவின் பின்னால் ஒளிந்தேன். அவரோ தொப்பியைத் தொட்டு, மாமாவோடு மழையைப் பற்றிக் கதைத்துவிட்டுப் போனார். மாமாவின் வேலைக்காரனாக்கும். வழக்கு முடிந்தது.

ஆனால் அப்பா வரவில்லை. படிக்கு வெளியே, வேலியோரமாகவே நின்றார். "ஏறி வாங்கோ அத்தான், ஒருத்தரும் ஒண்டும் சொல்லாயினம்" என்று மாமா கூப்பிட்டார். போகிற வழியில் அந்தக் கிழவரும் உள்ளே வரச்சொல்லிக் கையைக் காட்டினார். அப்பா இரண்டு பேருக்கும் தலையை ஆட்டிவிட்டு அப்படியே நின்றார்.

எனக்குத் தீர்ப்பைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு சத்தமாகவே சொன்னேன்.

"அப்பா, மாமாதான் பெரிய ஆள். அவருக்குக் காணி இருக்கு. உங்களுக்கு ஒண்டும் இல்லை."

"இருக்குப் பிள்ளை," என்றார் அப்பா. "இவ்வளவு பெரிசில்லை. ஒரு கிணறும் எட்டு மாமரமும் நிக்குது. படத்தில பாத்தனீங்களெல்லோ."

எனக்கு அந்தக் கம்பி வேலி ஞாபகம் வந்தது. "அது உங்கட எண்டால் ஏன் வெளியில நிண்டு படம் எடுத்தனீங்கள்? மாமாவைப் போல உள்ளுக்கை போயிருக்கலாமே?"

அம்மா என் கையை இறுகப் பிடித்து, "வாயை மூடு" என்றார். மாமாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

அப்பா குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். காலுறைகளையும் கழற்றிச் சப்பாத்துக்குள் வைத்தார். பிறகு படியில் ஏறி, இறங்கி, எங்களைத் தாண்டி, வெறுங்காலோடு மேடு ஏறிப் போனார். வழியெல்லாம் செம்மறிப் புழுக்கை. எனக்கு அருவருத்தது. வயலின் மறுகரை வரைக்கும் போய், அங்கே கொஞ்ச நேரம் நின்றார். வேலியைக் கையால் தொட்டுப் பார்த்தது போலத் தெரிந்தது. பிறகு வயலின் நாலு கரையையும் சுற்றி மெதுவாக நடந்து எங்களிடம் வந்தார்.

"நல்ல காணி, மச்சான்," என்றார் மாமாவிடம். "கவனமா வைச்சிருங்கோ."

மாமா அப்பாவின் சப்பாத்துகளைத் தானே எடுத்துவந்து அவர் காலடியில் வைத்தார். திரும்பி லண்டன் வரும்வரை ஒரு பகிடியும் விடவில்லை. காணியை அப்பா பறித்துவிடுவார் என்று பயந்துவிட்டார் போலும் என்று நினைத்தேன்.

அந்த நாட்டில் வயல்களுக்குக் குறுக்கே காலங்காலமாக ஊர்ச் சனம் நடந்த பாதைகள் உண்டு, அவற்றில் எவரும் கேளாமல் நடக்கலாம் என்பது எனக்கு இருபது வயதுக்குப் பிறகுதான் தெரிந்தது. மாமாவுக்கு அங்கே ஒரு பூச்சட்டி மண்கூடச் சொந்தமில்லை. ஊரார் வீட்டுச் சுவர்களுக்குப் பெயின்ற் அடித்து, ஒரு கடைக்கு மேல் இரண்டு அறையில் வாடகைக்கு இருந்தார். அப்பாவின் காணி இராணுவ வலயத்துக்குள் இருந்தது. காணியின் உறுதிப் பத்திரம் அவர் பெயரில், எங்கள் லாசால் வீட்டு அலுமாரியில் இருந்தது. அதைக் கொண்டுபோய்க் காட்டியும் அவரை உள்ளே விடவில்லை. ஒரு கிழமை முன்னதாக அவர் திரும்பி வந்தது அதனால்தான்.

இதெல்லாம் தெரியாத காலத்தில், மொன்றியலுக்குத் திரும்பிய மறுநாள், நான் படங்களை அல்பத்தில் ஒட்ட உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்த எழுத்தைக் காட்டுவதற்காக ஒவ்வொன்றின் கீழும் தமிழில் பெயர் எழுதினேன். மாமா வயல் நடுவே இடுப்பில் கைவைத்து நிற்கும் படத்தின் கீழ், "மாமாவின் காணி." முந்தின பக்கத்தில் அப்பாவின் கம்பி வேலி வெறுமனே இருந்தது. அதையும் விடுவானேன் என்று, உள்ளே கால் வைக்காதவருக்கு அது சொந்தமாக இருக்காது என்ற என் தீர்ப்பின்படி, "யாருடையதோ ஒரு வேலி" என்று எழுதினேன்.

அப்பா வேலையால் வந்து, சட்டை மாற்றாமலே என் பக்கத்தில் இருந்து பார்த்தார். மாமாவின் பக்கத்தை வாசித்தார். பக்கத்தைத் திருப்பி வேலிப் படத்தின் கீழும் வாசித்தார். நான் பேனையை அவரிடம் நீட்டி, ஏதாவது பிழையா என்று கேட்டேன்.

"இல்லைப் பிள்ளை," என்றார். "எழுத்து நல்ல வடிவாயிருக்கு."

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பேனையை மூடி வைத்தேன்.