ஜெனரேட்டரில் ஓடிய கடிகாரம்

1986 மே 14, புதன்கிழமை, பிற்பகல் இரண்டு பத்து. ஆம்பூரில் அனல் காற்று. நான் மின்பொறியாளனாக இருந்த தோல் பதனிடும் டேனரியில், ஐந்தாவது டிரம்மின் மூடியைத் திறந்த முதலாளி, டிரம்களைப் பார்த்துக்கொள்ளும் மேஸ்திரியிடம் கத்தினார். உள்ளே அறுநூற்று நாற்பது ஆட்டுத்தோல். நொதிக் கரைசலில் அவை சரியாக அறுபது நிமிடம் சுழல வேண்டும். மீறினால் மேற்பரப்பு தளர்ந்து விலை போகாது. தளர்ந்துவிட்டது.

"இன்னா மேஸ்திரி, தூங்கிட்டியா? நாளையிலேருந்து வராதே!"

"பெல் அடிச்சதும் நிறுத்தினேன் முதலாளி. அதுக்கு முன்னாடி கை வெக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

மணியை அடித்தது என் பலகை. டிரம்களின் நேரத்தைக் கணக்கிட ஒரு மைக்ரோபிராசஸர் பலகை செய்து, அதை ஆளும் கெர்னல் என்ற சின்ன நிரலையும் எழுதியிருந்தேன். 1,140 வரி. மாட்டிப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மின்சாரத்தின் ஒவ்வொரு சுற்றும் ஒரு குறுக்கீடு அனுப்பும். கெர்னல் செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே நிறுத்தி, எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டிவிட்டு, விட்ட இடத்துக்குத் திரும்பும். மின்வாரியக் கரன்டில் நொடிக்கு ஐம்பது சுற்று; அதனால் ஐம்பது குறுக்கீடு வந்தால் ஒரு நொடி. தனி டைமர் சில்லு வேண்டாம் என்று முடிவு செய்த புத்திசாலியும் நானே.

நிரலை மூன்று முறை படித்தேன். பிழை இல்லை. பிறகு கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணிக்கையைப் பார்த்தேன். நிமிடத்துக்கு மூவாயிரம் வரவேண்டும். இரண்டாயிரத்து நானூறு வந்தது. காலையிலிருந்து கரன்ட் இல்லை. ஜெனரேட்டர் ஷெட்டுக்கு ஓடி, அங்கிருந்த ஆபரேட்டரிடம் கேட்டேன்.

"ஏம்பா இவ்ளோ மெதுவா ஓடுது?"

"ஃபுல்லா வெச்சா டீசல் ஜாஸ்தி குடிக்குது சார். முதலாளிதான் கம்மி பண்ணச் சொன்னாரு. எல்லா டேனரியிலும் இப்படித்தான். லைட் எரியுது, டிரம் சுத்துது, உங்களுக்கு இன்னா பேஜாரு?"

ஜெனரேட்டர் மெதுவாக ஓடினால் கரன்டின் சுற்றும் குறையும். நொடிக்கு நாற்பது சுற்று. என் கெர்னலின் ஒரு மணி நேரம் எழுபத்தைந்து நிமிடம். மின்வெட்டுகளை எண்ணியே வளர்ந்த வேலூர்க்காரன், போயும் போயும் மின்சாரத்தையா கடிகாரமாக நம்பினேன்?

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"டீசல் என் இஷ்டம். மேஸ்திரி தப்பு இல்லேன்னா உங்க தப்பு. நஷ்டத்தை யாரு குடுப்பா?"

"மேஸ்திரியை வேலையிலே வெச்சுக்குங்க. என் சம்பளத்துல பிடிச்சுக்குங்க."

உடனே ஒப்புக்கொண்டார், பாவி. மேஸ்திரி மறுநாள் வேலைக்கு வந்தார். தோல் கெட்ட அன்று மிச்சமான டீசல் இரண்டு லிட்டர். மாதம் 360 வீதம் பதினோரு மாதம் என் சம்பளத்தில் பிடித்தார்கள். மொத்தம் 3,960 ரூபாய்.