புத்தூர் ஆஸ்பத்திரியில் மாமியாரும் நானும்

என் கணவர் குவைத்தில் லாரி ஓட்டுகிறார். காட்டூர் வீட்டில் மாமியார், மகள், நான். போன மழைக்காலத்தில் மாமியார் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துபோனது. பக்கத்துத் தெரு ஆட்டோவில் ஏற்றிப் புத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். ஆபரேஷனுக்குக் கையெழுத்துக் கேட்டார்கள். கணவருக்குப் போன் அடித்தேன். வண்டியில் இருந்தாரோ என்னவோ, எடுக்கவில்லை. நானே போட்டேன்.

மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரியிலேயே கிடந்தேன். துடைப்பது, திருப்பிப் படுக்கவைப்பது, கஞ்சி ஊட்டுவது. பார்க்க வருகிறவர்களிடம் மாமியார், "எம் புள்ளதான் பாத்துக்கிறான். அங்கேருந்தே எல்லா ஏற்பாடும் பண்ணிட்டான்" என்பார். அப்போது நான் அவர் காலுக்கடியில் தலையணையைச் சரிசெய்துகொண்டிருப்பேன். கோபம்கூட வரவில்லை. அதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

கணவர் தினமும் வீடியோவில் வருவார்.

"ஏன் அம்மா இப்புடி மெலிஞ்சிருக்காங்க? நடக்க வைக்கிறியா?"

"பாத்துக்கிட்டுதாங்க இருக்கேன்."

கேட்பதைத் தவிர அவராலும் வேறென்ன செய்ய முடியும்?

ஒரு மத்தியானம் போனை மாமியாரிடம் கொடுத்துவிட்டுக் கட்டிலோரம் தலை சாய்த்தேன். கண் சொருகிவிட்டது. அரைத்தூக்கத்தில் கணவர் குரல் கேட்டது.

"அவ எங்க, அம்மா? டாக்டர் என்ன சொன்னாருன்னு கேக்கணும்."

"தூங்குறா. எழுப்பாத."

"இந்த நேரத்துலயா?"

"ராத்திரியெல்லாம் என்னோட முழிச்சுக் கெடந்தா. ஒன் கேள்விக்குப் பதில் சொல்லவும் அவதான் எந்திரிக்கணுமா? வைப்பா போன."

விழித்துவிட்டேன். ஆனாலும் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் ஏதாவது ஒரு வேலைக்கு எழுந்திருக்க வேண்டும்.

மறுநாள் கணவர் வீடியோவில் என்னிடம் சொன்னார்: "நேத்து நீ தூங்குனதப் பாத்தேன். அம்மா போன் கட் பண்ணாம தலகாணி மேல சாச்சு வச்சுட்டாங்க. கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன்."

நர்ஸ் வந்து மாமியாரை ஒருக்களித்துப் படுக்கவைக்கச் சொன்னார். போனை வைத்துவிட்டேன்.

கணவருக்கு லீவு கிடைத்தபோது மாமியார் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடக்கத் தொடங்கியிருந்தார். ஊருக்கு வந்த முதல் நாள், ஏதாவது சமைக்கிறேன் என்று நான் எழுந்தேன். "நீ போய்ப் படு" என்றார் கணவர். சாயங்காலம்வரை தூங்கினேன். எழுந்தபோது அவர் வடித்த சோறு குழைந்திருந்தது. மூன்று பேரும் எனக்காகச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்கள்.