ஈசலுக்கு ஒரு விளக்கு

ஒரகடத்தில் கார்க் கதவுகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் தொழிற்சாலையில், பூச்சிகளைத் தடுக்கும் பொறுப்பு திருநெல்வேலிச் சந்தனமாரியுடையது. மழை விட்ட மாலைகளில் வெளிச்சம் தேடி வரும் ஈசல், ஈரப் பெயிண்டில் ஒட்டிக்கொள்ளும். மருந்துத் துளி பட்டாலும் பெயிண்ட் கெட்டுவிடும் என்பதால், அங்கே மருந்தடிக்கவும் முடியாது. இன்னொரு கதவு வீணானால் வேலை போய்விடும் என்று மேலாளர் எச்சரித்திருந்தார். அன்று மழை விட்டதும், சந்தனமாரி வாசல் விளக்குகளை அணைக்கச் சொல்லி, தொலைவில் மதிலோரம் பெரிய விளக்கொன்றை ஏற்றிவைத்தார்.

"இன்னாம்மா, ஈசலுக்குக் கல்யாண மண்டபம் கட்டிகினு கீறியா?" என்று சிரித்தார் காவலாளி ஜீவானந்தம்.

"ஆமாண்ணே, மாப்பிள்ளை அழைப்பு அங்கதான். இங்க ஒரு பயலும் வரமாட்டான்."

ஈசல்கள் மதிலோரமே மொய்த்தன; கதவுகள் மாசின்றி வெளிவந்தன. இப்போதும் படப்பைச் சாலையில் புதுக் கார் எதிர்ப்பட்டால், "ஏட்டி, அது நம்ம கதவு!" என்று அறைத்தோழியைத் தட்டிக் காட்டுவார் சந்தனமாரி.