சிவப்புப் பொட்டு வைத்த கிளாஸ்

மின்பகுப்பு என்ற சொல்லைக் கேட்டாலே இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பாவம், அந்தப் பாடம் என்ன செய்யும்!

அப்போது ஒன்பதாம் வகுப்பு. உப்புத் தண்ணீரில் இரண்டு பென்சில் கரிக்குச்சிகளை நிறுத்தி, டார்ச் செல்லிலிருந்து மின்சாரம் விட்டால் குமிழ் வரும் என்றார் சயின்ஸ் வாத்தியார். சிவப்பு ஒயர் நேர்மின்வாய், கறுப்பு ஒயர் எதிர்மின்வாய். மறுநாள் ஆளுக்கொரு கண்ணாடிக் கிளாஸ் கொண்டுவர வேண்டும். எங்கள் வீட்டில் இருந்ததெல்லாம் அலுமினியத் தம்ளர்.

அறுவடைக் கூலிக்காக எங்கள் தெருவே வேலைக்குப் போகாமல் நின்ற நேரம் அது. பண்ணைக்கு வேண்டப்பட்ட டீக்கடைக்காரரிடம் போய் நிற்க அப்பாவுக்கு எவ்வளவு கசந்திருக்கும்! எனக்காகப் போனார்.

“புள்ள படிப்புக்குங்க. ஒரு கண்ணாடிக் கிளாசு குடுத்தீங்கன்னா நாளைக்கே கொண்டாந்துடுறேன்.”

“அதான் ஒங்க கிளாசத் தனியா கவுத்து வச்சிருக்கே. அதுல ஒண்ண எடுத்துக்க.”

அந்தக் கிளாசில் சிவப்புப் பெயிண்டில் ஒரு பொட்டு. எங்கள் ஆட்கள் குடிக்கிற கிளாஸ் மற்றவர்களுடையதோடு கலந்துவிடக் கூடாதாம்! டீக்கடைப் பக்கமே போயறியாத எனக்கு அது எங்கே தெரியும்? தெரிந்ததெல்லாம் அன்றைய பாடம்தான்.

மறுநாள் பொட்டு இருந்த பக்கமாகப் பார்த்துச் சிவப்பு ஒயரை மாட்டினேன். குமிழ் கிளம்பியதும் தலைகால் புரியவில்லை.

“சார், எங்க தெரு கிளாசுல நேர்மின்வாய்க்கு முன்னாடியே குறி போட்டிருக்கு சார்!”

பண்ணை வீட்டுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பொறாமை என்று நினைத்தேன். வாத்தியாருக்குப் புரிந்துவிட்டது. கிளாசைத் திருப்பிப் பொட்டைச் சுவர்ப்பக்கம் வைத்துவிட்டு, கரும்பலகையில் எழுதப் போய்விட்டார். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தார் அந்த மனுஷன்? சிரித்தவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். டீக்கடைக்காரரைவிட அவர் மேல்தான் எனக்கு ஆத்திரம், இந்த வயதிலும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். சங்கத்துக் கொடிக்கம்பத்துக்கு அடித்த சிவப்புப் பெயிண்ட் டப்பாவில் மிச்சம் இருந்தது. எங்கள் தம்ளர் நாலையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் அழகாகப் பொட்டு வைத்தேன்.

கூலிப் பேச்சு முடிந்து வந்த அப்பாவுக்கு அம்மா அதில் ஒன்றில்தான் தண்ணீர் கொடுத்தாள். அவர் பொட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பளாரென்று அறைந்தார். அதுவரை என்னை அதட்டிக்கூடப் பேசாதவர்.

“அது நேர்மின்வாய்ப்பா!” என்று கத்தி அழுதேன்.

அவர் நாலு தம்ளரையும் வாய்க்காலுக்கு எடுத்துப்போய் மணலைப் போட்டுத் தேய்த்தார். பெயிண்ட் போன பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

எங்கள் அப்பாவுக்கு சயின்ஸ் என்றாலே பிடிக்காது என்று மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொன்னேன்.