பூட்டிய அறையில் நிரப்பிய தோட்டாக்கள்

பட்டாளத்தில் பதினைந்து வருஷம் முடித்து வந்த எனக்கு அபுதாபிக்கு வெளியே ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் வேலை கிடைத்தது. சுடுகிறவர்களுக்குப் பின்னால் நின்று, தப்பு எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் டியூட்டி.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள், ஒன்பது எம்.எம். தோட்டா நல்லதா, ஃபார்ட்டி ஃபைவ் தோட்டா நல்லதா என்று. இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டுவேன். ஒன்பது எம்.எம். சின்னது, வேகமானது, சுடும்போது கையைச் சுருக்கென்று உதறும். ஃபார்ட்டி ஃபைவ் தடியானது, நிதானமாகப் போவது. தோளைப் பிடித்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். இன்னொரு வித்தியாசமும் உண்டு. அதை அவர்களிடம் சொன்னதில்லை. தோட்டா நிரப்பும்போது ஒன்பது எம்.எம்.மின் பித்தளைக் கூட்டில் வெடிமருந்தைத் தவறி இரண்டு தடவை போட்டால் பெரும்பாலும் வெளியே வழிந்துவிடும். ஃபார்ட்டி ஃபைவ் கூட்டில் அடியில் கொஞ்சம்தான் மருந்து கிடக்கும். இரண்டு தடவை விழுந்தாலும் வழியாது. விழவே இல்லை என்றாலும் குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

சுட்ட கூடுகளைப் பொறுக்கி மறுபடி நிரப்புவதற்கு எங்கள் கிளப்புக்கு அனுமதி இருந்தது. போட்டிக்குப் பழகுகிறவர்களுக்காக அந்த வேலை நடந்தது. அதைச் செய்தவன் என் நண்பன், புதுக்கோட்டைப் பக்கத்துக்காரன். அவனும் பட்டாளம்தான். அந்தக் கட்டடத்தில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டுமே. நிரப்பும் அறைக்கு ஜன்னல் கிடையாது. உள்ளே ஒரு ஆள்தான் இருக்கலாம், போன் கூடாது, கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள வேண்டும். கவனம் கலையக்கூடாது என்பதற்காக வைத்த விதிகள் இவை.

ஒரு வெயில் காலத்து மதியம், வாடிக்கையாக வரும் அரபி உறுப்பினர் ஒருவர் தன் ஃபார்ட்டி ஃபைவில் எங்கள் தோட்டாக்களைச் சுட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று ஒரு சத்தம் மட்டும் வேறு மாதிரி வந்தது. வெடிச் சத்தம் இல்லை, யாரோ வாயால் 'பொக்' என்று சொன்ன மாதிரி. குறி அட்டையில் புது ஓட்டை இல்லை. அவர் துப்பாக்கியின் மேல்பகுதியைக் கையால் இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றப் போனார். நான் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

துப்பாக்கியைக் கழற்றிப் பார்த்தபோது குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருந்தது. கூட்டில் மருந்தே இல்லை. மருந்தைப் பற்றவைக்க அடியிலிருக்கும் பிரைமர் மட்டும் வெடித்துக் குண்டைப் பாதி வழிக்குத் தள்ளியிருக்கிறது. அடுத்ததைச் சுட்டிருந்தால் குழல் அவர் கையிலேயே பிளந்திருக்கும்.  அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

அதோடு சேர்த்து நிரப்பிய அத்தனை தோட்டாக்களையும் பிரிக்கச் சொன்னார் மேலாளர். எடை போட்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது. கூடுகளும் குண்டுகளும் ஒன்றுக்கொன்று எடை மாறும், அந்த வித்தியாசத்திலேயே மருந்தின் எடை மறைந்துவிடும். ஒவ்வொன்றாகப் பிரித்தோம். கடைசிக்குச் சற்று முன்னால் ஒன்றில் மருந்து இரட்டிப்பாக இருந்தது. அதைப் பார்த்ததும் நண்பன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

வரிசையாக நிறுத்திய கூடுகளில் மருந்து போட்டுக்கொண்டே வரும்போது இடம் தவறியிருக்கிறது என்றான். ஏன் தவறியது என்று கேட்டேன்.

"பின்னால யாரோ கூப்பிட்டாங்க மாப்ள. தமிழ்ல. திரும்பிட்டேன்."

கதவு தாழ்ப்பாள் போட்டுத்தானே இருந்தது என்றேன். ஆமாம் என்றான். மேலாளரிடம் தூக்கம் போதவில்லை என்று சொல்லிக்கொண்டான். யாரும் அவனைத் திட்டவில்லை. ஆனால் அவன் அந்த அறைக்குள் மறுபடி போகவில்லை. அடுத்த வாரமே அபுதாபியை ஒட்டிய முசஃபாவில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் போய்விட்டான்.

போட்டி நெருங்கியதால் என்னை நிரப்பச் சொன்னார்கள். நானும் கற்றவன்தான். மேஜையில் ஒரே மருந்து டப்பா, தலைக்கு மேல் நல்ல வெளிச்சம், மூடுவதற்கு முன்னால் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எட்டிப் பார்ப்பது, எல்லாம் முறையாகச் செய்தேன். முதல் நாட்களில் ஒன்றுமில்லை. ஒருநாள் சாப்பாட்டுக்கு முன்னால், வரிசையின் நடுவில் இருந்தேன். என் முதுகுக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில், யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். பாஸ்போர்ட்டில் இருக்கும் பேரைச் சொல்லி அல்ல. வீட்டில் கூப்பிடும் பேரை. வீட்டை விட்டு வந்த பிறகு அந்தப் பேரை நான் இந்த நாட்டில் யாரிடமும் சொன்னதில்லை. குரல் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை. அவசரமே இல்லாத குரல். ஏற்கெனவே ஒரு தடவை கூப்பிட்டு நான் கேட்காமல் விட்டதுபோல இருந்தது.

நான் திரும்பவில்லை. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். இடையூறு வந்தால் வரிசை முழுவதையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு கூட்டையும் கவிழ்த்து மருந்தை டப்பாவில் திரும்பக் கொட்டினேன். கொட்டி முடிக்கும்வரை பின்னால் யாரோ பொறுமையாக நிற்பது தெரிந்தது. டப்பாவை மூடிய பிறகு திரும்பினேன். தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. யாரும் இல்லை.

வெளியே வந்து, தலை சுற்றுகிறது, அந்த அறைக்குக் காற்று போதாது, இனி என்னால் முடியாது என்று மேலாளரிடம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். ஏற்கெனவே பயந்துதான் இருந்திருப்பார்போல. நிரப்புவதையே நிறுத்திக் கம்பெனித் தோட்டாக்களை வரவழைத்தார். நிரப்பும் இயந்திரத்தையும் கழற்றி அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை முசஃபாவுக்குப் போய் நண்பனைப் பார்த்தேன். ரூமில் மற்றவர்கள் தொழுகைக்கும் கடைக்கும் போயிருந்தார்கள். டீ போட்டுக் கொடுத்தான். எனக்கு நடந்ததை முழுசாகச் சொன்னேன். தம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டான்.

"எல்லாத்தையும் கொட்டிட்டுத்தான் திரும்பினியா?"

ஆமாம் என்றேன்.

"நல்லது மாப்ள. நான் உடனே திரும்பிட்டேன்."

உனக்கும் யாரும் தெரியவில்லைதானே என்று கேட்டேன்.  அவன் எழுந்து போய், சாத்தியிருந்த ரூம் கதவை முழுசாகத் திறந்து வைத்துவிட்டு, முதுகைச் சுவரில் ஒட்டி, வாசலைப் பார்த்த மாதிரி உட்கார்ந்துகொண்டான். டீ ஆறிக்கொண்டிருந்தது.