பார் இருக்கும் இடம்

நோர்வேயில் எங்கள் ஆய்வுக் கப்பல் கடலடிக்கு ஒலியை அனுப்பும் முன் திமிங்கிலங்களுக்கு மரியாதை செய்யும். முதலில் மெல்லிய ஒலி. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். அவை விலகிப் போக அவகாசம் வேண்டுமாம். தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களைக் கிளப்பிய புலிகளுக்கும் இந்தப் பழக்கம் இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன். அனுப்பிய ஒலி தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் கணிப்பது என் வேலை. திரையில் மேடும் பள்ளமும் நிறம் நிறமாக விரியும். அந்தப் படத்தை யாரும் பார்க்கலாம். இங்கே மீனவர்களும் அதைப் பார்த்துத்தான் வலை போடுகிறார்கள்.

சென்ற விடுமுறையில் இதே வித்தையைச் செய்யும் சிறிய கருவியொன்றைக் கற்பிட்டிக்குக் கொண்டுபோனேன். புத்தளம் தில்லையடி முகாமில் என்னோடு அகதியாக வளர்ந்த ராத்தா, என் அக்கா, அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருக்கிறார். அவர் கணவரான என் மச்சானுக்கு ஒரு போட் உண்டு. கடலுக்கடியில் அவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு பாரும் உண்டு. பார் என்றால் மீன் கூடும் பாறைத் திட்டு. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியையும் ஒரு பள்ளிவாசல் மினாராவையும் குறிவைத்து அந்த இடத்துக்குப் போவார். வீட்டில் உலை கொதிப்பது அதனால்தான். இடம் தெரிந்தால் ஊரே வந்து வழித்துக்கொண்டு போய்விடும்.

எனக்கு இது உறைக்கவில்லை. திரையில் பார் எழுந்ததும் துள்ளினேன். அந்த நேரம் பார்த்து வேறொரு போட் வந்தது. மச்சான் சட்டென்று தூண்டிலைச் சுருட்டிவிட்டு என்ஜின் மூடியைக் கழற்றினார். நானோ, படம் காட்டும் ஆசையில், அவர்களைக் கையசைத்துக் கூப்பிட்டுவிட்டேன்.

“என்ன காக்கா, என்ஜின் நிண்டுட்டுதா?” வந்தவர்களில் ஒருவர் மச்சானை அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

“ஓம், ஸ்டார்ட் ஆகுதில்ல,” என்றார் மச்சான்.

“அப்ப கயித்தப் போடுங்க, இழுத்துட்டுப் போறோம்.”

மறுக்க வழியில்லை. நல்ல என்ஜினோடு, ஒரு மீனும் இல்லாமல், கரைவரை கட்டியிழுக்கப்பட்டோம். கருவியைத் துவாயால் மூடி மடியில் வைத்திருந்தேன்.

கரையில்தான் மச்சான் வாய் திறந்தார். “ஒங்கட நாட்டுல மீனுக்குப் பஞ்சமில்ல போல. இதுல பதிஞ்சத அழிச்சிருங்க.”

அந்த ‘ஒங்கட நாடு’ சுருக்கென்று தைத்தது. மன்னார்க்காரன் என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அங்கேயே அழித்தேன். ராத்தா அன்று கருவாட்டை வைத்துச் சமாளித்தார். கதை தெரிந்ததும் சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறியது.

சென்ற வாரம் எங்கள் தலைமை ஆய்வாளர் திரையில் உலகக் கடலடிப் படத்தை விரித்தார். நோர்வேக் கரையெல்லாம் நிறங்கள். கற்பிட்டிக்கு எதிரே, யாரும் அளக்காததால், வெறும் சாம்பல் நிறம்.

“உன் ஊர்க் கடலில் ஏதாவது பதிவு வைத்திருக்கிறாயா?” என்று கேட்டார்.

“நை,” என்றேன். அவர்கள் மொழியில் ‘இல்லை’.

“பாவம், உங்கள் கடலை யாருமே கவனிக்கவில்லை,” என்று தோளில் தட்டினார்.

தலையாட்டினேன். அந்தச் சாம்பலில் பார் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் கண் அங்கே போய்விடக் கூடாதே என்று, அவர் எழுந்து போகும்வரை நோர்வேயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.