ஒன்பதைவிடப் பெரிய இரண்டு

இரும்புத்தூள் பெருக்க வந்த மனிதர், பதினெட்டே வருஷத்தில் அந்தக் கடைசல் பட்டறையையே விலைக்கு வாங்கினார். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டவர். மைக்ரோமீட்டரில் ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கை அவர் ‘ஒரு கோடு’ என்பார். தலைமுடி ஏழு கோடு. நகத்தால் தடவியே இரண்டு கோடு கூடுதல் என்று சொல்லிவிடுவார். இன்னொரு ஆள் அப்படிச் சொன்னால் கூட்டி வாருங்கள், பார்ப்போம். கோட்டுக்காரர் என்றால்தான் ஊருக்கே தெரியும்.

அளவு பார்க்கும் அறையின் சாவி மருமகள் இடுப்புக்குப் போனதிலிருந்து அவருக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. எண்ணைத் தானே காட்டும் புதுக் கருவி வாங்கி வைத்திருந்தாள். அதை யார் நம்புவது? போதாததற்கு, அவளுடைய அக்கா வீட்டுக்காரருக்கு எதிர்த்தெருப் போட்டிப் பட்டறையில் வேலை.

அன்று பம்புத் தண்டுகள் போக வேண்டிய நாள். சொன்ன அளவுக்கு மேல் 0.01 மில்லிமீட்டர்தான் கூடலாம். தாண்டினால் பெட்டி மொத்தமும் திரும்பி வரும். அவள் சாப்பிடப் போன நேரம், ஒவ்வொரு தண்டும் எவ்வளவு கூடுதல் என்று அவள் எழுதிவைத்த நோட்டைப் புரட்டினார். 0.008 சரி. 0.009 சரி. 0.02 தள்ளு.

புள்ளியும் பூஜ்யமும் அவருக்கு வாசலில் சும்மா நிற்கும் காவலாட்கள். எட்டையும் ஒன்பதையும் உள்ளே விட்டுவிட்டு, பாவம் இரண்டைத் துரத்தியிருக்கிறாள். எதிர்த்தெருவின் கைவரிசைதான், வேறென்ன?

அவள் வந்ததும் கேட்டார். “சாவியக் குடும்மா. நாளையிலருந்து இந்த ரூமுக்கு நீ வர வேணாம்.”

“எதுக்கு மாமா?”

“ரெண்டு பெருசா, ஒன்பது பெருசா? அதச் சொல்லு முதல்ல.”

அவள் சாவியை மேஜையில் வைத்தாள். நோட்டில் விரலை ஊன்றினாள். “புள்ளிக்கு அப்புறம் ரெண்டாவது இடம் உங்க கோடு. ரெண்டு அங்கதான் நிக்குது. ஒன்பது நிக்கிறது மூணாவது இடம். ஒரு கோட்டப் பத்தா நறுக்கி, அதுல ஒன்பது. முழுசா ஒரு கோடுகூட இல்ல மாமா.”

வாய்ஜாலத்துக்கு மயங்குகிற ஆளா அவர்? தன் பழைய மைக்ரோமீட்டரை எடுத்துவந்தார். வெளிச்சத்தை மறைக்காதே என்று அவளைத் தள்ளி நிற்கச் சொல்லி, இரண்டு தண்டையும் தானே துடைத்தார். அவள் தள்ளியது இரண்டு கோடு கூடுதல். அவள் சேர்த்தது ஒரு கோட்டுக்குச் சற்று முன்னால் நின்றது. மறுபடி துடைத்து மறுபடி அளந்தார். கோடு பொய் சொல்லவில்லை.

“பின்ன, கோட்டுலயே எழுதித் தொலைக்கிறதுதானே?” என்று சாவியை அவள் பக்கம் நகர்த்தினார்.

“எழுதறேன் மாமா. முக்கால் கோடு, முக்காலே அரைக்கால் கோடுன்னு எழுதினா வாங்கறவன் சிரிப்பான், பரவால்லையா?”

பெட்டியை மூட அவள் ஆணியும் சுத்தியலும் எடுக்கத் திரும்பியதும், அவர் அதிலிருந்து நாலு தண்டை எடுத்து அளந்தார். நாலும் ஒரு கோட்டுக்குள். ஐந்தாவதில் கை வைக்கும்போது அவள் பார்த்துவிட்டாள்.